சாணி வைத்த குச்சிகள்

என் தம்பி பட்டாளத்தில் சேர்ந்து லடாக்கில் இருந்தான். எண்பதுகளின் கடைசியில் ஒரு பொங்கல் லீவுக்கு வந்தபோது, பால்பவுடர் டின்னில் ஒரு செடி கொண்டுவந்தான். மரமே முளைக்காத உயரத்தில் பாறையோடு பாறையாய்ப் படர்ந்து கிடக்குமாம். மாதக்கணக்கில் பனி மூடினாலும் சாகாதாம். அங்கே வீடுகளில் அதன் தழையைத்தான் சாம்பிராணி மாதிரி புகைப்பார்களாம். அவன் பெட்டியைத் திறந்தாலே அந்த வாசனைதான். சவுக்குத் தழைக்கு இவ்வளவு பெருமையா என்று நான் கேலி செய்தேன். கிளம்பும்போது அம்மாவிடம், "பாத்துக்கோம்மா. அடுத்த லீவுல வந்து பாக்குறேன்" என்றான்.

பங்குனியில் பனிச்சரிவில் போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்தச் செடி பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை. வேலப்பன்சாவடிப் பக்கத்துச் சித்திரை வெயில் யாரை விட்டது? நுனிகள் கருகின. ஒற்றைச் செடியை நம்பி உட்கார்ந்திருந்தால் போச்சு, நாலாக்கி வைத்தால் ஒன்றாவது நிற்கும் என்றார் அப்பா. பரம்பரை விவசாயி. குச்சியை வெட்டி நடுவதென்றால் அவருக்கு முருங்கைதான் தெரியும். செடியை அடியோடு அறுத்தார். துண்டு போட்டு, நுனியில் சாணி அப்பி, கிணற்றடி ஈரத்தில் நட்டு எருவும் போட்டார். பாறையில் பட்டினி கிடந்து வளர்ந்ததற்கு அதெல்லாம் விஷம் என்று எங்களுக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டியவன்தான் இல்லையே.

ஆனால் குச்சிகள் வாடவில்லை. ஆடி போயும் பச்சை. தினமும் தண்ணீர் ஊற்றிய அம்மா, "பச்சையாத்தான் கீது. உசுரு கீது" என்றாள்.

ஐப்பசி மழையில் ஒரு குச்சி சாய்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பேருக்குக்கூட ஒரு வேர் இல்லை. செத்துப் பல நாளாகியும் பச்சை போகாத ஜாதி அது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். வாங்கி அதே குழியில் செருகிவிட்டு, "உங்கம்மாவாண்ட சொல்லாத" என்றார்.

தலைத் திவசம் வருவதற்குள் எல்லாக் குச்சிகளும் பழுத்துக் காய்ந்துவிட்டன. அப்பவும் அம்மா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. திவசத்தன்று அப்பா அவற்றைப் பிடுங்கி, அவன் சொன்ன மாதிரியே படத்துக்கு முன்னால் கங்கில் போட்டார். புகையோடு அந்தப் பெட்டி வாசனையும் வீடு முழுக்கப் பரவியது.

சமையற்கட்டில் வடை தட்டிக்கொண்டிருந்த அம்மா, மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு எங்களிடம் திரும்பி, "எப்போ வந்தான்?" என்று கேட்டாள்.

அப்பா கங்கின் மேல் தண்ணீரைக் கொட்டினார்.