காரணத்தை எழுதிக் கொடுங்கள்

அப்பா போர்வெல் போடும் ரிக் லாரியோடு ஆந்திரா பக்கம் போயிருந்த மாதம் அது. அண்ணனின் பள்ளியிலிருந்து வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. தனியாக விட முடியாமல் அம்மா என்னையும் திருச்செங்கோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்.

அண்ணன் பத்தாம் வகுப்பு. கணக்கை வாயால் சொல்லிவிடுவான். எழுத உட்கார்ந்தால் எழுத்துகள் இடம் மாறிவிடும். அது சோம்பேறித்தனமல்ல, கற்றலில் உள்ள குறைபாடு, பரீட்சையில் கூடுதல் நேரமும் அவன் சொல்வதை எழுத ஓர் ஆளும் வேண்டும் என்று சேலம் பெரியாஸ்பத்திரியில் சான்று கொடுத்திருந்தார்கள். பள்ளி வாசலிலோ நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெரிய பலகை. அந்தப் பலகையும் அண்ணனும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்க முடியாது என்பது தலைமையாசிரியரின் கருத்து.

மேசைமேல் ஒரு தாளை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "பையன் நல்லதுக்குத்தாம்மா. டீசி வாங்கிட்டு பிரைவேட்டா எழுதட்டும். கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

எட்டாவது வரை படித்த அம்மா, எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரை வாசித்தார்.

"நாங்களா விருப்பப்பட்டுக் கேக்கறம்னு போட்டிருக்குதுங்க. நாங்க கேக்கலீங்களே."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா எழுதறது."

"நீங்க அனுப்பறீங்கன்னு மாத்தி எழுதுங்க சார். எதுக்கு அனுப்பறீங்கன்னும் எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்துனா, காரணத்தை எழுதி வாங்காம எங்கூட்டுக்காரரு சாவியக் குடுக்க மாட்டாருங்க."

அவர் சிரித்தார். "வாங்கி என்ன பண்ணுவீங்க?"

"திங்கக்கெழமை கலெக்டராபீசுல மனு வாங்கறாங்களாமுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டோட சேத்துக் குடுத்துட்டு வாரேன்."

சிரிப்பு நின்றது. பேனாவைத் திறந்தார், மூடினார். தாள் இழுப்பறைக்குள் போனது. அண்ணன் வகுப்பிலேயே இருந்தான். அவன் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, பரீட்சையில் தேறினான். பலகையிலும் நூறு குறையவில்லை.

அன்று வெளியே வந்ததும் டீக்கடையில் அம்மா டம்ளரை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தேன். "போதும் சாமி" என்றார். அப்போதும் குடிக்கவில்லை.

என் மகளுக்கும் எழுத்துகள் இடம் மாறும். போன வாரம் அவளுக்காக நானும் அப்படியொரு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். இப்போது இதற்கென்று சட்டமே இருக்கிறது. நகலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆனால் வாயில் வந்தது அம்மாவின் வாக்கியம்தான். எழுதித் தர அங்கும் யாரும் முன்வரவில்லை. மகள் அதே பள்ளியில் படிக்கிறாள்.

வெளியே வந்து டீ சொன்னேன். ஆறும்வரை வைத்திருந்தேன். அப்போதும் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.