இடது பையில் தண்ணீர்

வெளியே கிளம்புவதற்கு முன் அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கையை நீட்டுவார். உள்ளங்கை வானத்தைப் பார்க்க, மனதுக்குள் பத்து வரை எண்ணுவார். பிறகு கையைத் திருப்பிப் புறங்கைக்கு இன்னொரு பத்து. உள்ளே இழுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஈரமில்லை என்று கன்னம் சாட்சி சொன்ன பிறகுதான் செருப்பு. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் இதில் சலுகை கிடையாது. ஜன்னலடியில் போன பேப்பர்காரர் ஒரு நாள் அந்தக் கையில் ஒரு செய்தித்தாளை வைத்துவிட்டுப் போனார்.

தொழில், பல்செட் செய்வது. டாக்டர் வாய்க்குள் பார்ப்பார். இவர் அந்த வாயின் பிளாஸ்டர் அச்சைப் பார்ப்பார். வீட்டின் பின்னறையில் மெருகுச் சக்கரமும் தேய்ப்பு இயந்திரமும் வைத்துக்கொண்டு, அரை மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் தூங்கமாட்டார். கடைவீதியில் அவருக்குப் பெயரே மில்லிமீட்டர்தான்.

போன மழைக்காலத்தில் வந்தது வினை. அவருடைய வேலையில் பாதியைக் கொடுக்கும் கிளினிக்கின் டாக்டர் போன் செய்தார். "அச்சு நனைஞ்சு ஓரமெல்லாம் மாவா உதிருது. மழையில சைக்கிள்ல தூக்கிட்டு வந்தா இப்படித்தான் ஆகும். இன்னொரு தடவை ஈரமா வந்துச்சுன்னா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அன்று தொடங்கியது கையை நீட்டும் பழக்கம். அன்றே தொடங்கியது, சைக்கிள் கேரியரின் இருபுறமும் மாட்டுகிற, தண்ணீர் புகாத பைக்கான தேடலும்.

மனைவிக்கு இதில் ஒரு பங்கு இருந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் அவள். வண்டிகளின் தாமதத்தைத் தேன் குரலில் சொல்லிச் சொல்லி, தாமதம் என்றாலே அவளுக்குக் காது கூர்மையாகிவிடும். ஏரிக்கரையில் டெண்ட் அடித்து இரண்டு நாள் தங்கலாம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "பை வந்ததும் கிளம்பிடலாம். ஒரே பை, வேலைக்கும் ஆச்சு, டெண்டுக்கும் ஆச்சு" என்பது அவருடைய புதிய வாக்குறுதி.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஏரிக்குச் செல்லும் கணவர் காலவரையின்றித் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்" என்பாள் அவள், சட்னி அரைப்பதை நிறுத்தாமல்.

சைக்கிள் கடைக்கு ஒன்பது முறை போனார். முதல் இரண்டு முறை கடைக்காரர் டீ வரவழைத்தார். ஐந்தாவது முறை நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். தையல் போட்டுப் பட்டை ஒட்டிய பையா, தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டிய பையா, மேலே உறை மாட்டும் பையா? தையல் என்றால் ஊசித்துளை. ஊசித்துளை என்றால் தண்ணீருக்கு வாசல். உறை என்றால் காற்றில் பறக்கும். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, தானே ஏறி மிதித்து, குதிகால் பையில் இடிக்கிறதா என்று பல் அளக்கும் இடுக்கியால் கடைக்காரரை அளக்கச் சொன்னார்.

"அண்ணே, பை வாங்க வந்தீங்களா, இல்ல அதுக்குப் பல்லு கட்ட வந்தீங்களா?"

"ஒரு வாளி தண்ணி கிடைக்குமா?"

"குளிக்கவா?"

வாளி வந்தது. பைக்குள் டிஷ்யூ காகிதம் போட்டு, வாயை மூன்று சுற்று மடித்துக் கொக்கி மாட்டி, வாளியில் அமுக்கிப் பத்து நிமிடம் அதன்மேல் உட்காராத குறையாக நின்றார். காகிதம் மொறுமொறுவென்று வெளியே வந்தது. அது போதவில்லை. பைக்குள் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

"உள்ள ஊத்தினது வெளிய வரலைன்னா, வெளிய ஊத்தறது உள்ள வராது" என்றார், சிகரம் தொட்டவர் போல.

"மீனே வளர்க்கலாம்ணே. தயவுசெஞ்சு வாங்கிட்டுப் போயிடுங்க."

இரண்டு பைகளும் வீட்டு நடைச்சுவரில் அடுத்தடுத்த ஆணிகளில் தொங்கின. இங்கே அவருடைய தொழில்நோய் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்வேலையில் வலது என்றால் நோயாளியின் வலது. பார்க்கிறவருக்கு அது இடது. இருபது வருடம் அப்படியே பார்த்துப் பார்த்து, எதிரே இருப்பது எதுவானாலும் அவருக்கு அது வாயைத் திறந்துகொண்டு நிற்கும் நோயாளிதான். "வலது பக்க சுவிட்சைப் போடு" என்பார். மனைவி இடது பக்கத்தைப் போடுவாள். கல்யாணமான புதிதில் இருட்டிலேயே பாதி நாள் ஓடியது. பிறகு அவளுக்குப் பழகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஏரிக்குக் கிளம்பினார்கள். வழியில் கிளினிக்கில் ஓர் அச்சைக் கொடுத்துவிட்டுப் போவது என்று ஏற்பாடு. கீழ்த்தாடை முழுவதும், மெழுகில் பதினான்கு பற்கள் வரிசையாக நின்றன. அட்டைப்பெட்டியில் வைத்து, ஒரு பையின் அடியில் இறக்கி, மேலே போர்வைகளை அடுக்கியிருந்தார்.

"என்னங்க, தண்ணி பாட்டிலை எதுல வைக்கட்டும்?"

அவர் ஜன்னலில் ஏழாவது எண்ணில் இருந்தார். இன்றைக்கு மட்டும் குழப்பம் வரக்கூடாது. கல்யாணமான பதினோரு வருடத்தில் முதல்முறையாக, ஊர் உலகத்தில் எல்லோரும் பேசுவது போலப் பேசுவது என்று முடிவு செய்தார். சுவரைப் பார்த்து நிற்கிறவளின் இடது கைப் பக்கத்தை மனதில் குறித்துக்கொண்டு, "இடது பையில" என்றார்.

பதினோரு வருடப் பழக்கத்தில் அவள் அதை உடனே திருப்பிப் போட்டுக்கொண்டாள். இவருடைய இடது என்றால் நம்முடைய வலது. இரண்டு லிட்டர் பாட்டிலை வலது பையில், போர்வைகளுக்கு மேலே செருகினாள். அதன் மூடி அமுக்குகிற மூடி, படுத்தால் திறந்துகொள்ளும். பையின் வாயை, அவர் சொல்லிக்கொடுத்தபடியே, ஒழுங்காக மூன்று சுற்று மடித்துக் கொக்கி மாட்டினாள். அவர் புறங்கைக்குப் பத்து எண்ணி முடிப்பதற்குள் இரண்டு பைகளும் சைக்கிளில் ஏறிவிட்டன.

வானம் கழுவித் துடைத்த கண்ணாடி போல இருந்தது. மேடு பள்ளத்தில் அரைமணி நேரம். அவள் தன் சைக்கிளில் பாடிக்கொண்டே பின்னால் வந்தாள்.

டாக்டரின் மேசையருகில் பையை வைத்து, கொக்கியை விடுவித்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். "டாக்டர், இனிமே உங்களுக்கு ஈரம்ங்கிற கவலையே..."

உள்ளே குளம். போர்வைகள் ஊறி உப்பியிருந்தன. அட்டைப்பெட்டி கஞ்சியாகியிருந்தது. அச்சின் ஓரத்தைத் தொட்டதும் விரலில் மாவு. பற்களில் நான்கு மெழுகோடு பெயர்ந்து அடியில் கிடந்தன, யாரோ சிரித்துவிட்டுப் பாதியில் எழுந்து போனது போல.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"இது மழை இல்லைங்க டாக்டர். எங்க வீட்டுத் தண்ணி. பாருங்க, வெளிப்பக்கம் எவ்வளவு காய்ஞ்சிருக்கு! ஒரு சொட்டு வெளிய விடலை!"

"நல்ல பைதான்" என்றார் டாக்டர். "நீங்க போகலாம்."

அந்த இடத்திலும் அந்த மனிதருக்குப் பை ஜெயித்ததில் ஒரு துளி பெருமை இருந்தது, அதுதான் கொடுமை. வேலையில் பாதி அவர் கண்ணெதிரே எழுந்து போய்க்கொண்டிருந்தது, அவர் பையின் ஒட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் மனைவி கேட்டாள். "என்னங்க, முகம் இப்படித் தொங்குது?"

"பாட்டிலை எதுல வச்ச?"

"நீங்க சொன்ன இடதுலதான். உங்க இடதுல."

"நான் உன் இடதைச் சொன்னேன்."

அவள் பைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "என் இடதை எதுக்குங்க சொன்னீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றாள்.

ஏரிக்குப் போனார்கள். போகாமல் திரும்பி மட்டும் என்ன செய்வது? போர்வைகளை டெண்டின் கயிற்றில் காயப்போட்டார்கள். இரண்டு நாளும் ஒரு தூறல்கூட இல்லை. அவர் மட்டும் மணிக்கொரு தரம் டெண்டுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து, அந்தக் கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண் வேலையை விட்டுவிட்டு, தன் அம்மாவின் பல்செட்டுக்கு மெருகு போட அவரிடம் வந்தாள். சுவரில் தொங்கிய பைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். டாக்டர் முதல்முறை ஈரம் என்று போன் செய்த அந்த மழைக்காலத்து அச்சு காய்ந்த நிலையில்தான் அவள் கைக்கு வந்ததாம். அவள்தான் அதை டாக்டர் அறையில், ஏசி சொட்டும் அலமாரியின் மேல் வைத்தாளாம். அது அங்கே சொட்டும் என்பது டாக்டருக்கும் தெரியுமாம்.