பூட்டிய வகுப்பறை

இன்று காலை என் மூன்றாம் வகுப்பைப் பூட்டி, பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மதியம் செம்மண்டலம் பள்ளிக்குத் திரும்பியபோது, வராந்தாவில் பன்னீரும் கிளிசரினும் கலந்த வாசனை வந்தது. சின்ன வயதில் எனக்குப் பாடம் எடுத்த ஸ்டெல்லா டீச்சரின் கைகளின் வாசனை.

காட்டுமன்னார்கோயிலில் நான் படித்த ஓட்டுக் கட்டடத்தில், சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, சாக்பீஸ் தூளில் வெடித்த விரல்களுக்கு அதைத் தடவிக்கொண்டு, கதவைச் சாத்திக் கதைப்புத்தகம் படிப்பார். "இந்தக் கால்மணி நேரம் எனக்கு மட்டுந்தான், யாரும் கூப்புடக் கூடாது" என்பார். நாங்களும் கதவோரம் உட்கார்ந்து, தாள் புரளும் சத்தத்தைக் கேட்டபடியே சாப்பிடுவோம். அவர் விடுப்பெடுத்துச் சிதம்பரம் போய், வகுப்பு பூட்டிக் கிடந்த ஒரு நாளிலும் உள்ளே தாள் புரண்டது. கூப்பிடக் கூடாதே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள், வகுப்பில் விட்டுப்போன புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் பல பக்கம் தள்ளியிருப்பதைப் பார்த்தபடி டீச்சர் வெகுநேரம் நின்றார்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. கதவைச் சாத்திப் படிக்கும் அந்தக் கால்மணி நேரத்தை மட்டும் நான் பழகிக்கொண்டேன். கைக்கு எதுவும் தடவுவதில்லை.

இன்று என் வகுப்புக் கதவோரம் பிள்ளைகள் தட்டோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

ஒரு சிறுமி உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க டீச்சர். உள்ள நீங்க படிச்சிகினு இருக்கீங்க."

கதவில் பூட்டு தொங்கியது. சாவி என் கையில் இருந்தது. உள்ளே ஒரு தாள் புரண்டது.

நானும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.