செரி, வாரேன்

செல்போன் கோபுரத்துக்குக் கண் கிடையாது. தன்னைச் சுற்றி எத்தனை போன்கள் இருக்கின்றன, எதற்கு நன்றாகக் கேட்கிறது, எதற்குக் கேட்கவில்லை என்பதெல்லாம் அந்தப் போன்கள் சொல்லித்தான் அதற்குத் தெரியும். அவை சொல்வதை வைத்து நொடியை ஆயிரமாக நறுக்கி, இது உனக்கு, அடுத்தது அவனுக்கு என்று பங்கு வைக்கும். வாங்கிக்கொண்ட போன் உடனே ஒரு சின்னப் பதில் அனுப்ப வேண்டும்: வந்தது, அல்லது வரவில்லை. வரவில்லை என்றால் கோபுரம் மறுபடி அனுப்பும். வந்தது என்றால் தன்னிடம் வைத்திருந்த நகலை வீசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சேலத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தப் பதில்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு.

பதிலே தப்பாகப் போய்ச் சேர்வதும் உண்டு. போன் "வரவில்லை" என்கிறது. நடுவில் இரைச்சல் புகுந்து, கோபுரத்தின் காதில் "வந்தது" என்று விழுகிறது. அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் போதும். பட்டப்பகலில், பத்துப் பேர் நடுவில், என் நாற்காலிக்குப் பின்னால் அம்மா வந்து நிற்கிறாள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் அழுதுவிடுவேன்.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தில். அண்ணன் போர்க்கிணறு தோண்டும் ரிக் வண்டியில், சத்தீஸ்கர் பக்கம் வேலையில் இருந்தார். வண்டிச் சத்தம் தின்றதுபோக அவருக்குக் காது பாதிதான் மிச்சம். அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார். புழுதிக்குத் தாங்காதென்று பட்டன் போன்தான் வைத்திருந்தார். அதில் எதைச் சொன்னாலும் "செரி, செரி" என்பார். அங்கே மழை பெய்ததா என்று கேட்டாலும் செரிதான். கடைசியில் "செரி, வாரேன்" என்று வைத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டோம், அபசகுனம்; "வாரேன்" என்போம். வாசலில் சொல்கிற அந்த வார்த்தையை அண்ணன் போனை வைக்கும்போதும் சொல்வார். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

மூன்று வருடம் முன்பு, வைகாசியில், அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது அண்ணனை மட்டும்தான். ஆஸ்பத்திரி வாசலில், மொட்டை வெயிலில் நின்று கூப்பிட்டேன். அவர் பக்கம் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. குரல் துண்டு துண்டாக வந்தது.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலீங்ணா. டாக்டரு கையை விரிச்சுட்டாருங்க. ஒடனே கெளம்பி ஊட்டுக்கு வாங்க."

"செரி அம்மிணி. செரி, வாரேன்."

வைத்துவிட்டார். எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அம்மாவிடம் போய், "அண்ணன் வாரேன்னுட்டாருங்கம்மா" என்றேன். ரயிலேறி வந்து சேர இரண்டு நாளாகும்.

மறுநாள் காலையில் அம்மா கேட்டாள்: "இன்னொருக்கா கூப்புட்டுப் பாரு சாமி. ஏறிட்டானான்னு கேளு."

"ரயில்ல சிக்னல் இருக்காதுங்கம்மா."

மத்தியானம் மறுபடியும்: "ஒருக்கா சாமி."

"அதான் வாரேன்னு சொல்லிட்டாருல்லீங்க. போன் வேலை பாக்கறவ நானா, நீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். தூக்கமில்லாத எரிச்சல். படித்த திமிரும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கோபுரத்தில் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கீழே பதில் தப்பாகப் போனாலும், மேலே இன்னோர் அடுக்கு வரிசை எண்ணைப் பார்த்து, நடுவில் ஒன்று வரவில்லையே என்று கண்டுபிடித்துத் திரும்பக் கேட்கும். எங்கள் வீட்டில் அந்த அடுக்கு அம்மாதான். காலமெல்லாம் தறி ஓட்டியவள். போனில் பச்சைப் பட்டனுக்கு மேல் எதுவும் தெரியாது. அவளுக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, கதவைப் பார்த்தபடியே போய்விட்டாள். எந்த ஊர் தாண்டியிருக்கிறார் என்று கேட்க அப்போதுதான் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் சத்தீஸ்கரில், வண்டியடியில்தான் இருந்தார். அன்றைக்கென்று வண்டி நின்றிருந்தது. நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் அவருக்குக் கேட்டது. அவர் கதறிய கதறலில் மேற்கொண்டு எதுவும் பேச முடியவில்லை.

எல்லாம் முடிந்து இரண்டாம் நாள் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் தாய்மாமா பிடித்துக்கொண்டார். "அம்மிணி சொல்லியும் வராம இருந்துட்டியேடா, நீயெல்லாம் ஒரு மகனா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "சொன்னயா அம்மிணி?"

"சொன்னனுங்ணா. செரி, வாரேன்னு சொன்னீங்க."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. காதில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அப்பிடின்னா சொல்லித்தான் இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோடு உட்கார்ந்துகொண்டார். போன் வேலையில் இருப்பவள் சொன்னால் தப்பாக இருக்காது என்று எல்லாரையும் போல அவரும் நம்பிவிட்டார். அம்மா இரண்டு முறை கூப்பிடச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடத் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சமையலறையில் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அண்ணன் தன் மகளிடம் பேசுவது கேட்டது.

"உங்கத்தை போன் பண்ணிச் சொல்லுச்சு சாமி. எனக்குத்தான் பெத்தவளவிட வண்டி பெருசாப் போச்சு. நீயாவது அப்பிடி இருக்காதே."

நான் அடுத்த இலையை எடுத்துத் துடைத்தேன்.