வாசகம இல்லாத வீடு

எங்கள் வீட்டில் எவருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், அவ்வளவுதான். தாத்தாவின் பெயர் அப்பாவின் பெயருக்கு முன்னால் நின்றது. அப்பாவின் பெயர் எனக்கும் தம்பிக்கும் முன்னால் நின்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் விலகி அடுத்தவருக்கு இடம் விடுவார். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கனடாவுக்குப் போன சித்தப்பாவின் மகனை வேலைத்தலத்தில் எல்லோரும் சித்தப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். சித்தப்பா செத்துப் பல வருடம். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறானாம். அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் நாங்கள் நால்வர் இருந்தோம்: அப்பா, நான், தம்பி, பிள்ளைத்தாய்ச்சியான அவன் மனைவி. அம்மா ஊரில் செத்தபிறகு அப்பாவை நாங்கள்தான் கொழும்புக்கு அழைத்து வந்திருந்தோம். ஒரு விடிகாலை ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். பொலிஸ் அதிகாரி ஒருவர் சப்பாத்துக் காலோடு சாமித்தட்டு வரைக்கும் வந்தார். எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். அந்த எச்சில் என் பெயரின் மேல் ஈரமாகக் கிடந்தது.

"வாசகம மொகக்த?" வாசகம என்ன என்று கேட்டார். சிங்களவருக்கு வாசகம என்பது குடும்பப் பெயர். அது பெயரின் முன்னால் நிற்கும், பரம்பரைக்கும் மாறாது. மகனுக்கு ஒரு வாசகம, தகப்பனுக்கு வேறொன்றா என்பது அவருடைய சந்தேகம்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தம்பியின் பெயருக்கு முன்னால் நிற்பது இந்த மனிதருடைய பெயர்தான் சேர், இவர் எங்கள் தகப்பன் என்பதற்கு அதுதான் சாட்சி.

"அப்படியென்றால் அது இவருக்கும் முன்னால் நிற்க வேண்டுமே" என்று சொல்லிச் சிரித்தார். தன் கெட்டித்தனத்தில் அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. வடக்கிலிருந்து வந்த யாரோ அந்நியனை அப்பா என்று சொல்லி ஒளித்து வைத்திருக்கிறோம் என்று முடிவு கட்டி, சாரத்தோடு நின்ற அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்குப் பிறகு கீழ்வீட்டு மாத்தயா எங்களோடு பொலிசுக்கு வந்தார். வீட்டுச் சொந்தக்காரர், சிங்களவர், நல்ல மனிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னார், அப்பாவை விட்டுவிட்டார்கள். இனிப் பிரச்சினை வராதபடி, வீட்டில் இருப்பவர்களின் பொலிஸ் பதிவில் அப்பாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். என் அப்பாவை என் அப்பா என்று சொல்ல வாடகை வாங்குகிறவர் வரவேண்டியிருந்தது. அவருக்கு நன்றி சொல்லும்போது என் வாய் கசந்தது.

"அவனுக்கு விளங்கேல்லை பிள்ளை" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் தம்பிக்கு மகன் பிறந்தான். தம்பி தன் மூளையைப் பாவித்தான். எங்களுக்கும் ஒரு வாசகம வேண்டும், அது அப்பாவின் பெயராக இருக்கட்டும் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முழுப் பெயர் அல்ல, பாதி. அப்பாவின் பெயரில் முன்பாதி மாணிக்கம், பின்பாதி லிங்கம். மாணிக்கம் சிங்களவர் வாயிலும் நுழையும், லிங்கம் காட்டிக்கொடுத்துவிடும். கல்லை வைத்துக்கொண்டு கடவுளை வெட்டிவிட்டான். கொட்டாஞ்சேனையில் ஒரு எண்சாத்திரக்காரர் கூட்டிப் பார்த்து, ராச யோகம் என்று சொல்லிவிட்டாராம். பெயருக்குப் பொருள் இருந்தது போய் எண் மட்டும் மிஞ்சிவிட்டது. சீ என்றாகிவிட்டது எனக்கு.

"என்ர பேரை வைக்கிறதெண்டா முழுசா வை. இல்லாட்டி விடு" என்றார் அப்பா. "பிள்ளைக்கு முன்னால தகப்பன்தான் நிக்கவேணும். நீ நில்லன்."

"முன்னால நிண்டு நீங்கள் என்னத்தைக் கண்டனீங்கள்? பொலிசுக்குப் போனதுதானே" என்றான் தம்பி.

பெற்ற தகப்பனிடம் அவன் வாய் கூசாமல் அதைச் சொன்னான். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நான் அவனோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அவனுக்கு அது உறைக்கவுமில்லை. ஒரு லோயரைப் பிடித்துத் தன் பெயரையும் மனைவியின் பெயரையும் மாற்றிப் புது அட்டை எடுத்தான். ஊரோடு ஒத்து வாழ வேண்டுமாம்.

குழந்தை தவழத் தொடங்கிய காலத்தில் மறுபடியும் சுற்றிவளைப்பு. வேறொரு அதிகாரி, அதே சப்பாத்து, அதே மேசை. அவர் கேட்பதற்கு முன்பே தம்பி புது அட்டைகளை நீட்டினான். புருசன், பெண்சாதி, பிள்ளை எல்லோருக்கும் ஒரே வாசகம என்று பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். என் அட்டையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். பிறகு அப்பாவின் அட்டையை எடுத்தார். அதில் தாத்தாவின் பெயரும் லிங்கத்தோடு கூடிய அப்பாவின் பெயரும் இருந்தன. மாற்றிய பெயர்களுக்குப் பக்கத்தில் அது யாரோ ஒருவருடைய அட்டையாகத்தான் தெரிந்தது.

"மே கவுத?" இவர் யார் என்று கேட்டார்.

தம்பி தன் புது அட்டையைப் பார்த்தான். நான் "தாத்தா" என்று தொடங்கினேன். சிங்களத்தில் அதுதான் அப்பா. அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தன் கொச்சைச் சிங்களத்தில் தானே பதில் சொன்னார்.

"போடிங், சேர். இங்கே வாடகைக்குப் போடிங் இருக்கிறேன்."

"ஹரி", சரி என்றார் அதிகாரி. பதிவில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. நாலு அட்டையும் ஒரே பெயராக இல்லாத எங்கள் வீட்டை அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த தம்பியின் முகம் வெளிறியிருந்தது. "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அப்பா மேசையிலிருந்த தன் அட்டையை எடுத்துச் சாரத்தில் துடைத்தார்.

"அவனுக்கு விளங்கினதுதானே" என்றார்.