பெரியப்பா பார்க்காத அறுப்பு மெஷின்

அப்பா என்னைச் சட்டம் படிக்க வைத்ததே ஒரு வழித்தகராறுக்காகத்தான். மானாம்பதிப் பக்கம் எங்கள் கழனிக்குப் போக, பெரியப்பாவின் கழனி ஓரமாக ஒரு வண்டிப்பாதை இருந்தது. பெரியப்பா அப்பாவுக்குப் பங்காளி. ஏதோ ஒரு பொங்கலில் பேச்சு தடித்துப் பாதையை முள் போட்டு அடைத்துவிட்டார். உத்திரமேரூர் கோர்ட்டில் அப்பா ஜெயித்தார். காஞ்சிபுரத்தில் பெரியப்பா ஜெயித்தார். அப்புறம் அப்பீல் சென்னைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் படித்து முடித்து ஹைகோர்ட் நீதிபதி ஒருவரிடம் சட்ட உதவியாளராகச் சேர்ந்தேன். வழக்குக் கட்டுகளைப் படித்து அவருக்குக் குறிப்பு எழுதித் தருகிற வேலை. அதில் இருக்கும்வரை யாருக்கும் சட்ட யோசனை சொல்லக் கூடாது. ஊரில் இது ஒருத்தருக்கும் புரியவில்லை. ஜட்ஜய்யா பக்கத்திலேயே இருக்கிற பெண், ஒரு வார்த்தை போட்டு வைத்தால் குறைந்தா போய்விடுவாள் என்றார்கள்.

பல வருஷம் தூங்கிய அப்பீல் ஒருநாள் எழுந்து நேராக எங்கள் நீதிபதியிடமே வந்தது. கட்டைத் திறந்த கையோடு மூடிவிட்டு, இது என் அப்பாவின் வழக்கு என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "அப்போ நான் தொடக் கூடாது," என்றார். மறுநாள் கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டதும், வேறு நீதிபதி முன் வைக்கச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். கடைசி பெஞ்சில் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பொட்டலத்து இட்லியைத் தின்றவர்கள். வாய்தாவுக்கு அவர்கள் எப்போதும் அப்படித்தான் போவார்கள்.

வராந்தாவில் முதலில் பிடித்துக்கொண்டது பெரியப்பாதான். "இன்னாம்மா பண்ணிக்கினு கீற நீ? இத்தினி வருசம் கழிச்சி இன்னிக்குதான் கூப்ட்டாங்க. எங்க கேச கெடுத்துட்டியே."

"இதுக்கா உன்ன படிக்க வெச்சேன்," என்றார் அப்பா.

இருவரும் என்னிடம் முகம் கொடுக்காமல் சேர்ந்து பஸ் ஏறினார்கள். ஒழுங்காக வேலை செய்ததற்கு வாதியும் பிரதிவாதியும் ஒன்றாகத் திட்டியது நாட்டிலேயே எனக்குத்தான் நடந்திருக்கும். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதுவரை அறுப்பு மெஷின் எதிர்ப்பக்கத்துக் கழனி வழியாக எங்களுடையதற்கு வந்துபோகும். அந்த வருஷம் அங்கே மனை போட்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, கையால் அறுக்க ஆள் கிடைக்கவில்லை, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. போட்ட முதலெல்லாம் அந்தக் கழனியில்தான். சனிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது பெரியப்பாவே எங்கள் வாசலில் நின்றிருந்தார்.

"வேலிய பிரிச்சி உடறேன், மெஷின இட்டுக்கினு போ. நெல்லு இன்னா பாவம் பண்ணிச்சி?"

"வாணாம்ணா," என்றார் அப்பா.

காரணம் நான்தான். கல்லூரி நாளில் சோறு தின்றுகொண்டே ஒருமுறை அளந்திருந்தேன்: அனுமதி வாங்கி நடந்தால் அது சலுகை, கேட்காமல் நடந்தால்தான் உரிமை. அதை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அவரு குடுத்து நான் போனா கேஸு இன்னா ஆவும்? சொல்லும்மா."

ஒருநாள் அறுப்பில் அப்படியெல்லாம் வழக்கு செத்துவிடாது என்று தொண்டை வரை வந்தது. "நான் சொல்லக் கூடாது நைனா," என்றேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

தூறல் விழ ஆரம்பித்தது. பெரியப்பா வானத்தைப் பார்த்தார். "சரி. நான் பர்மிஷன் குடுக்கல. முள்ளு மக்கிப்போச்சி, மாத்தறதுக்குப் பிரிக்கறேன். அந்த நேரத்துல எவன் பூந்து போறான்னு நான் பாக்கல."

"நீ பாக்கலன்னா சரி," என்றார் அப்பா.

வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார் பெரியப்பா. மெஷின் ஓட்டுகிறவர் வெளியூர்க்காரர். மரியாதையாக வண்டியை நிறுத்தி, "ஐயா, இப்படிப் போலாமுங்களா?" என்று அவரையே கேட்டார். பெரியப்பா அசையவில்லை.

"அவர கேக்காத," என்று அப்பா பின்னாலிருந்து ஓடி வந்தார். "அவர கேக்கவே கூடாது."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். "நானும் எதுவும் சொல்ல முடியாதுங்க," என்றேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாமியைக் கும்பிட்டு வண்டியை உள்ளே விட்டார்.

மழை வலுப்பதற்குள் நெல் களத்துக்குப் போய்விட்டது, மெஷினும் வெளியேறிவிட்டது. பெரியப்பா புது முள்ளை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா போய் மறுமுனையைப் பிடித்தார்.

"அங்க இல்லண்ணா, கொஞ்சம் இந்தாண்ட. முன்ன இருந்த எடத்துலயே இருக்கட்டும். கேஸ் நடக்குது இல்ல."

பெரியப்பா நகர்த்தி வைத்தார். இருவரும் இடைவெளி இல்லாமல் இறுக்கிக் கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், அப்பாவும் நானும் வேலிக்கு உள்பக்கம், எங்கள் கழனியில் நிற்கிறோம். ஒரு முள்ளைத் தள்ளினால் பாதைக்கு வந்துவிடலாம். அப்பா கேட்கவில்லை. பெரியப்பாவும் திறக்கவில்லை.

"வரப்பு சேறா கீது," என்றார் பெரியப்பா, கையிலிருந்த டார்ச்சை வேலிக்கு மேலே நீட்டி. "சுத்திக்கினு போறப்ப புள்ளைய பாத்து இட்டுக்கினு போ."