கோஷ்டியில் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர்

ரகசியப் போலீஸ் என்றதும் ஜனங்களுக்கு மாறுவேஷமும் ஒட்டுமீசையும் ஞாபகம் வருகின்றன. திருச்சிராப்பள்ளி கலெக்டர் கச்சேரியின் ரகசிய செக்‌ஷனில் குமாஸ்தாவாகப் பல வருஷம் அவர்களுடைய காகிதங்களை வாங்கிப் பதிந்து கட்டி அடுக்கியவன் நான். அந்த இலாகாவின் ஆயுதம் ஒட்டுமீசை இல்லை, அரக்கு. உறைக்குள் ஓர் உறை இருக்கும். உள்ளுறையில் ‘ரகசியம்’ என்று எழுதி நாலு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்திருப்பார்கள். வெளியுறையில் விலாசம் மட்டுந்தான், ரகசியம் என்ற வார்த்தை இருக்கக் கூடாது. வெளியுறையைப் பிரிப்பது என் வேலை. உள்ளுறையைக் கலெக்டர் துரைதான் பிரிக்க வேண்டும். அவர் பிரித்து, படித்து, கையெழுத்திட்டு, மறுபடியும் என்னிடமே கொடுப்பார், கட்டிவைப்பதற்கு. ஆகவே ஜில்லாவில் யார் யாரைப் பற்றி என்ன எழுதினாலும் அதை இரண்டாவதாகப் படிப்பவன் நானாக இருந்தேன். படிக்காமல் எந்தக் கட்டில் சேர்ப்பது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

வேலை குறைந்த மத்தியானங்களில் பழைய கட்டுகளைப் பிரித்துப் படித்தேன். அந்த இலாகாவின் பூர்வோத்தரத்தை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். முதலில் சாலையில் வழிப்பறி செய்கிறவர்களைப் பிடிக்க அதை ஏற்படுத்தினார்கள். வழிப்பறி குறைந்தது, இலாகா குறையவில்லை. ஆளுக்கு வேலை வேண்டுமே. வெடிகுண்டு செய்கிறவர்களைத் தேடினார்கள். வெடிகுண்டு எல்லா ஜில்லாவிலும் கிடைக்கிற சாமான் இல்லை. ஆகவே பத்திரிகை படிக்கிறவன், கதர் கட்டுகிறவன், வாசகசாலையில் பெஞ்சு போடுகிறவன் என்று இறங்கி வந்தார்கள். மேலே போகப் போக மனிதர்கள் குறைவார்கள், கீழே இறங்க இறங்கப் பெருகுவார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. ‘விசேஷம் ஒன்றுமில்லை’ என்று தொடர்ந்து நாலு முறை எழுதினால் அந்த ஒற்றனே தேவையில்லை என்று மேலிடம் நினைக்கும். எந்த ஒற்றன் அப்படி எழுதுவான்?

உப்பு எடுக்க எங்கள் ஊரிலிருந்து கூட்டம் புறப்பட்டுப் போன பிறகு இந்தத் தொழில் மும்முரமாயிற்று. ஸ்ரீரங்கத்துக்கு ஒரு புது ஒற்றனைப் போட்டார்கள். வேறு ஜில்லாக்காரன், தமிழ் தாய்மொழியும் இல்லை. உள்ளூர் ஆள் என்றால் பந்துக்களுக்குப் பரிவு காட்டுவான் என்பதால், ஊர் தெரியாதவனைத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். தை மாதம் முடியும் சமயத்தில் அவன் எழுதிய அறிக்கை என் மேஜைக்கு வந்தது. சாராம்சம் இது:

வடக்குச் சித்திரை வீதியில் ஒரு வீட்டில் தினந்தோறும் விடியற்காலை ஒன்பது பத்துப் பேர் கூடுகிறார்கள். உள்ளே போகுமுன் சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் உட்காருகிறார்கள். ஓர் இளைஞன் ஏதோ சொல்லித் தொடங்குகிறான், மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். ஒரு வரிசை சொன்னதை மறு வரிசை முடிக்கிறது. சிலவற்றை இரண்டு முறை சொல்கிறார்கள். எல்லோருக்கும் மனப்பாடம், கையில் காகிதமே கிடையாது. கார்த்திகை மாதத்தில் திடீரென்று இது நின்றது. கண்காணிப்பு இருப்பதை யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தை மாதத்தில் மறுபடி தொடங்கியது. அன்று எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் வழங்கப்பட்டது. கூட்டத்தில் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரும் இருப்பதாகத் தெரிகிறது. பெயர் விசாரிக்கப்பட்டு வருகிறது.

அது என் மாமனார் வீடு. அந்த இளைஞன் என் மனைவியின் தம்பி. அந்தச் சர்க்கார் உத்தியோகஸ்தர் நான்.

ஸ்ரீரங்கத்தில் பாசுரம் சொல்வதைச் சேவிப்பது என்போம். சேவிக்க உட்காருகிறவர்கள் கோஷ்டி. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்கள். முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் இரண்டு தரம் சொல்வது சம்பிரதாயம். கார்த்திகையிலிருந்து தை வரை எங்கள் வீடுகளில் பாசுரங்களைச் சேவிக்கக் கூடாது, அது விலக்கப்பட்ட காலம். மறுபடி தொடங்குகிற அன்று பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் அமுது செய்யப்பண்ணுவார்கள். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒற்றன் தெருவில் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் ஒற்றன் இல்லை.

நான் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. என் மச்சினன் பி.ஏ. தேறி, ரெவின்யூ இலாகா உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதி, தேர்வாகியிருந்தான். போலீஸாரின் ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒரு வரி மட்டும் வர வேண்டும். அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது முடியப் போகிறது. இருபத்தைந்து முடிந்தால் சர்க்கார் கதவு சாத்திவிடும். அறிக்கையின் அடியில், ‘இளைஞன் பேரில் ஹிஸ்டரி ஷீட் திறக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. ரௌடிக்கும் திருடனுக்கும் திறக்கிற அதே தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஆரம்பித்தாள்.

“ஏன்னா, தம்பியோட காயிதம் என்ன ஆச்சு? உங்க ஆபீஸுக்குத்தானே வரணும்?”

“வரும்.”

“வரும்னா எப்போ? அவனுக்கு அப்பறம் எழுதினவாளெல்லாம் வேலையிலே சேந்தாச்சு. நீங்க வாயைத் திறந்து கேக்கப்படாதா?”

“கேக்கக் கூடாது.”

“வீட்டிலே மட்டும் அத்தனை சட்டம் பேசறேள். அங்கே போனா ஊமையா?”

ரகசிய செக்‌ஷனில் சேரும்போது பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தேன், மனைவியிடமும் சொல்லமாட்டேன் என்று. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ‘இது பாசுரம், சதியாலோசனை அல்ல’ என்று நான் ஒரு குறிப்பு எழுதினால், உமக்கு எப்படித் தெரியும் என்று துரை கேட்பார். நான் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். கண்காணிப்பு இருப்பதைக் கார்த்திகையில் அவர்களுக்குச் சொன்னவன் யார் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ரகசியக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற குமாஸ்தாவைவிடப் பொருத்தமானவன் வேறு யார்?

ஆகவே சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தேன். கச்சேரியில் ஒரு காகிதத்தைச் சாகடிக்க அதைக் கிழிக்க வேண்டியதில்லை, அதன்மேல் ஒரு கேள்வி கேட்டால் போதும். ‘மேற்படி கூட்டத்தில் சொல்லப்படுவது எந்த பாஷை, என்ன வாசகம் என்று தெரிந்துகொண்டு, அதன் நகலும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் அனுப்பக் கோரலாம்’ என்று நாலு வரி எழுதி வைத்தேன். வாசகத்தைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. துரை படித்துவிட்டு, நல்ல கேள்வி என்று என்னைப் பாராட்டிக் கையெழுத்திட்டார். அன்று வெகு திருப்தியுடன் காவேரிப் பாலத்தைத் தாண்டினேன்.

நகல் என்று கேட்டதும் ஒற்றன் திண்டாடிப்போனான். வாசகம் தமிழும் வேறொரு பாஷையும் கலந்தது என்று பதில் எழுதினான். அது சுத்தத் தமிழ். போலீஸ் ஆபீஸில் யாரோ சுறுசுறுப்பாக ஸ்ரீரங்கம் புத்தகக்கடையில் அச்சுப் புத்தகங்களையே வாங்கிச் சென்னைக்கு மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் பாட்டு இருப்பதால் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவர் எழுதினார். ஆள் போட மேலிடத்து அனுமதி கேட்டார்கள். அனுமதி இல்லை என்று ஏழு மாதம் கழித்து வந்தது. எந்தப் பாட்டுகள் சொல்லப்பட்டன என்று குறித்து அனுப்பினால் அவற்றை மட்டும் மொழிபெயர்க்கலாம் என்று மறுபடி எழுதினார். குறிப்பதற்கு அந்த ஒற்றன் இல்லை, வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தரின் பெயரை விசாரிப்பதும் அதோடு நின்றது. ஒவ்வோர் உறையும் என் கைவழியேதான் போய் வந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஒருவனாவது லஞ்சம் கேட்டிருந்தால், ஒருவனாவது விரோதத்தில் எழுதியிருந்தால், அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

போலீஸ் உறைகளைக் கொண்டுவருகிற ஹெட் கான்ஸ்டபிள் லால்குடிப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் உறைகளுக்கு ரசீது வாங்கிக்கொண்டே, பொதுவாகக் கேட்பதுபோல் அவரிடம் கேட்டேன்.

“இந்த ஹிஸ்டரி ஷீட்டெல்லாம் எப்ப மூடுவீங்க?”

“வருஷத்துக்கு ஒருக்கா புரட்டிப் பாப்போம் சாமி. புதுசா ஒண்ணும் இல்லேன்னா மூடிருவோம். முக்காவாசி அப்படித்தான் போவுது.”

“அந்த வடக்குச் சித்திரை வீதி ஷீட்டு?”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அதை ஏன் கேக்கறீங்க! ஒண்ணுமில்லாத ஷீட்டு. போன வருஷமே செத்திருக்கும். யாரோ புண்ணியவான் உங்க ஆபீஸ்லேருந்து கேள்வி கேட்டு வச்சுட்டாரு. கேள்வி நிலுவையில இருந்தா தொடக் கூடாதுங்க, ரூல். அந்தப் பையன் சுடுகாட்டுக்குப் போனாலும் ஷீட்டு போகாது.”

“ஓஹோ.”

“கேட்டவருக்கு வேற வேலை இல்ல போல.”

அவர் கொடுத்த ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணிப்போயிற்று. “பேனா சரியில்லீங்களா?” என்று கேட்டார்.

எல்லா விதியும் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன் நான். போலீஸ் பக்கத்து விதி ஒன்று எனக்குத் தெரியவில்லை. அது அவர்களுடைய ரகசியப் புத்தகத்தில் இருந்தது, நான் அவர்களுக்கு வேற்று ஆபீஸ். இதற்கென்றே கட்டிவைத்த ஏற்பாடுதானே அது: எழுதினவனுக்கு எழுதப்பட்டவனைத் தெரியாது, எழுதப்பட்டவனுக்கு எழுதியதே தெரியாது, நடுவில் தெரிந்தவன் பேசக் கூடாது. திருடன்மேல் வழக்குப் போட்டால்கூட என்ன குற்றம் என்று அவனுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். பெருமாள் பாட்டுச் சொன்னவனுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

கேள்வியைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று மறுநாளே குறிப்பு வைத்தேன். இப்போது வேறு துரை வந்திருந்தார். “இவ்வளவு தூரம் வந்தபின் பதில் வரட்டுமே” என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். “உத்தரவு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என் மச்சினன் ஒரு முறைகூட என்னிடம் கேட்கவில்லை. காலையில் கோஷ்டியில் அவன் எடுத்துக் கொடுப்பான், எதிர் வரிசையில் உட்கார்ந்து நான் வாங்கிச் சொல்வேன். அவன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லப் பழகினேன். இருபத்தைந்து முடிந்த அன்று அவன் அக்கா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பாயசம் செய்திருந்தாள். யாரும் உத்தியோகத்தைப் பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பின் ஆறாவது வாரம் சென்னையிலிருந்து பதில் வந்தது. புத்தகங்களைத் திருப்பியிருந்தார்கள். ‘இவை பகிரங்கமாக விற்கப்படும் பக்தி நூல்கள். தடை செய்யப்பட்டவை அல்ல. மொழிபெயர்ப்பு அவசியமில்லை.’ மூன்றே வரி. ஹிஸ்டரி ஷீட் மூடப்பட்டது. பின்னாலேயே அவனுடைய படிவமும் வந்தது, ‘ஆட்சேபணை இல்லை’ என்று. அதன்மேல், ‘வயது கடந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கை தேவையில்லை. கட்டில் சேர்க்கலாம்’ என்று எழுத வேண்டியவன் நான். எழுதினேன். என் கையெழுத்து அன்று கோணவில்லை.

அவன் பெரிய கடைவீதியில் ஓர் அச்சாபீஸில் புரூப் பார்க்கச் சேர்ந்தான். கல்யாணப் பத்திரிகையும் ஜவுளிக்கடை நோட்டீஸும் திருத்தியே தலை நரைத்தது. சுதந்திரம் வந்த பிறகு, ஜெயிலுக்குப் போனவர்களுக்கு வயது விதியைத் தளர்த்தி உத்தியோகம் கொடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. நான் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன். பிரமாணப் பத்திரம் சாகும்வரை செல்லும். அதைப் பொருட்படுத்தாமல் ஒரு பகல் அச்சாபீஸுக்குப் போய், அவன் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் முதலில் சிரித்தான். “சட்டையைக் கழட்டினதைக்கூட எழுதினானா? பொங்கலையுமா?”

“எல்லாத்தையும் எழுதியிருந்தான்.”

“அத்திம்பேர், நான் பேசாம ஜெயிலுக்கே போயிருக்கலாம். இன்னிக்குத் தாசில்தார் ஆயிருப்பேன். சந்தேகப்பட்டதுக்கு யாரும் ஒண்ணும் தரமாட்டா.”

நானும் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவன் மறுபடி காகிதத்தைக் கையில் எடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நீங்களும் அங்கேதானே உக்காந்திருந்தேள். அதை ஒரு வரி எழுதியிருக்கப்படாதா?”

“எழுதினா என் வேலை போயிருக்கும்டா.”

“போயிருக்கும்,” என்றான். “ஒருத்தர் வேலை எப்படியும் போச்சு.”

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் ஓய்வு பெற்ற வருஷம் புது சர்க்காரின் முத்திரையோடு அந்தச் செக்‌ஷனுக்கு வந்த முதல் கட்டில் இருந்தது அதே பதினைந்து நாள் அறிக்கைப் படிவந்தான். தலைப்பில் மட்டும் மாற்றம். இன்றைக்கும் யாரோ ஒருவன் எவன் வீட்டு வாசலிலோ நின்று, புரியாததையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பான். யாரோ ஒரு குமாஸ்தா அதைப் படித்துவிட்டுச் சாமர்த்தியமாக யோசித்துக்கொண்டிருப்பான். அவன் கண்ணில் இது பட்டால் நல்லது.

நான் எழுதத் தவறிய குறிப்பு இதுதான்: வடக்குச் சித்திரை வீதியில் சொல்லப்பட்டது பாசுரம். எடுத்துக் கொடுத்தவன்மேல் குற்றம் ஏதுமில்லை. எனக்கு இது நேரடியாகத் தெரியும், எதிர் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த சர்க்கார் உத்தியோகஸ்தன் நான்.